செய்து காட்டச் சொல்லும் பரீட்சை: மலையகத்தில் வேலை தேடுபவர்களுக்கு

நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பில் "செயன்முறைப் பரீட்சையும் நடத்தப்படும்" என்று ஒரு வரி இருந்தால், கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட முடியாது. நுவரெலியா ஹோட்டல் என்றால் கலைந்து கிடக்கும் கட்டில் ஒன்று காத்திருக்கும். தோட்ட அலுவலகம் என்றால் ஒரு கட்டுக் கடிதங்கள். கார்மென்ட் (ஆடைத் தொழிற்சாலை) என்றால் ஜூக்கி எனப்படும் தொழிற்சாலைத் தையல் மெஷின். அந்த வேலையின் ஒரு பகுதியை அரை மணியிலோ ஒரு மணியிலோ செய்து காட்ட வேண்டும். தாளும் பேனையுமாக ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலை நன்றாகத் தெரிந்தவர்களே இதில் தோற்றுப்போவதுண்டு, ஏனென்றால் அந்தத் தாளில் எதற்குப் புள்ளி என்று அவர்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் வேலையைப் பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் 0, 1, 2 என்று புள்ளி போடுவார்கள். ஆயத்தம், ஒழுங்கு, பாதுகாப்பு, முடிந்த வேலையின் தரம், நேரம், பேச்சு எல்லாம் அதில் வரும். வேகத்துக்குக் கிடைப்பது ஒரு சிறு பங்குதான். சில படிகளைத் தவறவிட்டாலோ, மற்ற எல்லாவற்றிலும் முழுப் புள்ளி எடுத்திருந்தாலும் ஆள் தேறமாட்டார். மெயின் சுவிட்சை அணைக்காமல் வயரில் கை வைக்கும் எலக்ட்ரீஷியன், பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே சலாதுக்கு வெட்டும் சமையல்காரர், சீட் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்கும் டிரைவர் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்த கதை.

ஆகவே வேகமாகச் செய்து அசத்திவிடலாம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். தொடங்கும் முன் கேட்டாரா, வரிசையாகச் செய்தாரா, முடித்த பிறகு தானே சரிபார்த்தாரா என்பதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து, ஆள் எடுக்கும் முறைகளில் எது பின்னாளைய வேலைத்திறனோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டார்கள். 1 என்றால் முழுப் பொருத்தம் என்ற அளவில், செய்து காட்டும் பரீட்சைக்கு 0.54 வந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.51. சாக்கெட்டும் அவரது குழுவினரும் 2022இல் இதைத் திருத்திக் கணக்கிட்டபோது செய்முறை 0.33க்கு இறங்கியது, ஒழுங்குபடுத்திய நேர்முகம் 0.42உடன் முன்னுக்கு வந்தது. எனவே செய்து காட்டியதோடு விஷயம் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். "ஏன் அப்படிச் செய்தீங்க?" என்று பிறகு கேட்கும்போது சொல்வதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

அழைப்பு வந்த அன்றே கேட்டுக்கொள்ள வேண்டியவை

போன் எடுத்துக் கேட்பதில் தப்பேதும் இல்லை. "மிஸ், வணக்கம். பதினெட்டாம் திகதி செயன்முறைப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கீங்க. என்ன வேலை செய்து காட்டணும், எவ்வளவு நேரம் மிஸ்? சாமான் நாங்க கொண்டுவரணுமா, அங்கேயே இருக்கா? பேப்பர் எந்த மொழியில இருக்கும்?" இவ்வளவு போதும். மொழியைக் கட்டாயம் கேளுங்கள். வினாத்தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்து, தமிழில் பதில் எழுதலாமா என்று அங்கே போய்த் தடுமாறினால் பத்து நிமிடம் போய்விடும். மெஷின், கணினி சம்பந்தப்பட்ட வேலை என்றால் எந்த வகை மெஷின், எந்த மென்பொருள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தையல், டைப்பிங், கேக் அலங்காரம் போன்ற விரல் வேலைகளுக்குப் போகிறவர்கள் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரிக் காலையில் நுவரெலியா, கந்தப்பளை பக்கம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால் விரல் மரத்துப்போயிருக்கும். அந்தக் கையோடு ஊசியில் நூல் கோர்ப்பது கஷ்டம். அரை மணி நேரம் முன்பே போய், சூடாக ஒரு பிளேன்டீ வாங்கிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருங்கள். பையில் மாற்றுக் காலுறை ஒரு சோடி இருந்தால் மழை நாளில் உதவும்.

முதல் இரண்டு நிமிடம்

தாளைக் கடைசி வரி வரை வாசியுங்கள். "கேள்வி 3ஐ முதலில் செய்க" என்று அடியில் எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வாசித்த பிறகு, உங்களுக்கு விளங்கியதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள்: "சேர், இந்த ரூமை இன்னொரு கெஸ்டுக்கு ரெடி பண்ணணும், முப்பது நிமிஷம், பாத்ரூமும் சேர்த்து. சரிதானே?" தப்பாக விளங்கியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு சாமான்களைப் பாருங்கள். பல இடங்களில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்திருப்பார்கள். தையல் மெஷினின் பொபினில் (அடிநூல் சுற்றும் உருளையில்) நூல் இருக்காது, எக்ஸ்டென்ஷன் வயரின் தோல் உரிந்திருக்கும், கடிதத்தில் "ஜூன் 31" என்று திகதி இருக்கும், கிளீனர் போத்தலில் லேபல் இருக்காது. கண்டதை வாய்விட்டுச் சொன்னால்தான் புள்ளி. மனதுக்குள் கண்டுபிடித்தது யாருக்கும் தெரியாது.

மலையகப் பிள்ளைகள் கூடுதலாகப் புள்ளி விடுவது இங்கேதான். துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) முன்னாலும் கிளாக்கர் ஐயாவுக்கு முன்னாலும் பேசாமல் நிற்பதுதான் மரியாதை என்று பரம்பரையாகப் பழகிய வீடுகள் நம்முடையவை. பரீட்சையில் அதே மௌனம் "கேள்வி கேட்கத் தெரியாதவர்", "பிழையைக் கண்டும் சொல்லாதவர்" என்று எழுதப்பட்டுவிடும். குரலை உயர்த்தத் தேவையில்லை. "சேர், இந்த வயர் உரிஞ்சிருக்கு. வேற ஒண்ணு தருவீங்களா?" என்றால் மரியாதையும் இருக்கிறது, விஷயமும் வந்துவிட்டது.

ஹோட்டல் அறை

நுவரெலியா, எல்ல, பண்டாரவளை, கண்டி பக்கங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வைக்கும் பரீட்சை இது. ஆளில்லாத அறைதான் என்றாலும் கதவை மூன்று முறை தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லி, சில விநாடி பொறுத்து மறுபடி தட்டிவிட்டுத் திறவுங்கள். உள்ளே போனதும் திரைச்சீலையையும் ஜன்னலையும் திறக்க வேண்டும். மலைநாட்டு அறைகளில் ஈரவாடை நிற்கும் என்பதால் காற்றோட்டத்தைக் கவனிப்பார்கள். லைட்டுகள், கீசர், டீவி வேலை செய்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து குப்பை, பிறகு அழுக்கு விரிப்புகள். விரிப்பை மொத்தமாகச் சுருட்டி எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாக உதறாமல் மடித்து எடுத்தால், மடிப்புக்குள் கிடக்கும் மூக்குத்தியோ சார்ஜரோ லாண்டரிக்குப் போகாது. தலையணைக்கு அடியில் ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றை வைத்திருப்பார்கள். அது கிடைத்ததும் கண்காணிப்பவரிடம் கொடுத்து, அறை இலக்கம், நேரம், பொருள், கிடைத்த இடம் நான்கையும் எழுதித் தருவதாகச் சொல்லுங்கள். "மேசையில வச்சிட்டேன்" என்பது அரைப் புள்ளிதான். கழற்றிய விரிப்பைத் தரையில் போடக் கூடாது.

கட்டிலுக்குப் போகுமுன் பாத்ரூமில் கிளீனரைத் தெளித்து விட்டுவிடுங்கள். கட்டில் முடியும்வரை அது ஊறிக்கொண்டிருக்கும், தேய்க்கும் நேரம் பாதியாகும். இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஆள் பழகியவரா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டில்: கீழ் விரிப்பை நேர்ப்பக்கம் மேலே வரப் போட்டு, தலைமாட்டையும் கால்மாட்டையும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மூலைக்கு, மூலையிலிருந்து சுமார் ஒரு அடி தள்ளி விரிப்பின் தொங்கும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மெத்தையின் மேல் முக்கோணமாகப் படுக்க வையுங்கள். கீழே தொங்கும் மிச்சத்தைச் செருகுங்கள். பிறகு முக்கோணத்தை இறக்கி, கையால் நீவி அதையும் செருகுங்கள். மடிப்பு 45 பாகைச் சாய்வில் நேராக நிற்க வேண்டும். மேல் விரிப்பு நேர்ப்பக்கம் கீழே வரவேண்டும். தலைமாட்டில் கம்பளிக்கு மேலே அதை மடித்துவிடும்போது நல்ல பக்கம் வெளியே தெரிவதற்காகத்தான் அது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஒவ்வொரு விரிப்புக்கும் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடப்பவருக்கு நேரம் அதிலேயே போய்விடும், முதுகும் வலிக்கும். தலையணை உறையின் திறந்த பக்கம் கதவைப் பார்க்காமல் இருக்கட்டும்.

பாத்ரூமில் துணிதான் பிரச்சினை. கண்ணாடிக்கு ஒன்று, பேசினுக்கு ஒன்று, டாய்லெட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும், டாய்லெட் கடைசி. டாய்லெட் துடைத்த துணி வேறெங்காவது பட்டால் மற்றதெல்லாம் வீண். எல்லாம் உலரத் துடைத்த பிறகு வடிகால் மூடியில் தலைமயிர் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். தூசியை மேலிருந்து கீழாக, கதவிலிருந்து ஒரே திசையில் சுற்றி வந்து துடைக்க வேண்டும். தரையை உள்மூலையிலிருந்து தொடங்கிக் கதவை நோக்கிப் பின்னால் வந்து முடியுங்கள். கடைசியாகக் கதவில் நின்று, விருந்தாளி முதலில் பார்க்கும் கோணத்தில் ஒருமுறை பாருங்கள்.

சமையலறையில்

ஒம்லெட், பருப்புக்கறி, மரக்கறி வெட்டு, இவைதான் பெரும்பாலும் கேட்பது. கை கழுவுதல், பலகையைப் பிரித்தல், ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் விடாமை எல்லாம் சமையலுக்கு முன்பே புள்ளி வாங்கித் தருபவை. கீழ்நாட்டில் பழகிவிட்டு மேலே வருகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் இருபது நிமிடத்தில் மசியும் பருப்பு இங்கே அந்த நேரத்துக்குள் மசியாது. பருப்பை முதலில் ஊறவிட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, பிறகு வெட்டு வேலைக்குப் போங்கள். மூடியும் போடுங்கள்.

அலுவலகப் பரீட்சை

தோட்ட அலுவலகம், தனியார் கம்பெனி, நிதி நிறுவனம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றிலும் இப்போது வருவது "கடிதக் கட்டு" வகை. ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு காகிதங்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். இதில் கூடுதலாகப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு மாதிரியைப் பார்ப்போம்.

இன்று 29ஆம் திகதி, நாளை மாதத்தின் கடைசி வேலைநாள். துரை கொழும்பில், போன் எடுக்கமாட்டார். மேசையில் கிடப்பவை: பெக்டரியில் கொழுந்து உருட்டும் 2ஆம் ரோலரின் காவல் தகடு கழன்றிருக்கிறது, வேலை நடக்கிறது என்று தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் எழுதிய சீட்டு. போன மாதத்து ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் கட்டும் பத்திரம், கையெழுத்தில்லாமல். உரக்கடைப் பில், 48 மூடை, மூடை 9,250 ரூபாய், மொத்தம் 454,000. மரண வீட்டுக்கு லீவு கேட்டு ஒரு தொழிலாளியின் கடிதம். பிள்ளை மடுவத்துக்கு (தோட்டத்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்துக்கு) பால்மா கேட்டு ஒரு குறிப்பு. நாளை காலை 10 மணிக்குத் தொழில் திணைக்கள அதிகாரி வருகிறார், செக்றோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு) புத்தகம் மேசையில் இருக்க வேண்டும் என்று துரை எழுதிய துண்டு. நாளை காலை 10 மணிக்குச் செக்றோல் புத்தகத்தை நுவரெலியாவுக்கு அனுப்பும்படி கணக்காய்வாளரின் கடிதம். கோவில் திருவிழா அழைப்பு.

பலர் முதலாவது காகிதத்தை எடுத்து உடனே பதில் எழுதத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் இரண்டு செக்றோல் காகிதங்களும் மோதுவது கடைசியில்தான் கண்ணில் படும், அதற்குள் ஒன்றுக்கு "அனுப்புகிறோம்" என்று எழுதி முடித்திருப்பார். முதல் ஐந்து நிமிடம் பேனையைத் தொடாமல் எல்லாவற்றையும் வாசியுங்கள். பிறகு அடுக்குங்கள்: ஆள் உயிருக்கு ஆபத்தானது முதலில், சட்டக் கெடு உள்ளது இரண்டாவது, பணம் மூன்றாவது, மற்றவை அப்புறம். ஒரு மாதத்து ஈ.பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும், ஆகவே அந்தப் பத்திரம் நாளைக்குள் போக வேண்டும். துரை இல்லாதபோது கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று கேட்டுப் பிடிக்க வேண்டும்.

குறிப்பை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். "டீமேக்கருக்கு அறிவிக்கவும்" என்று எழுதினால் யார் அறிவிப்பது, எப்போது, என்னவென்று? இப்படி எழுதிப் பாருங்கள்: "மு.ப. 9.10. டீமேக்கருக்குப் போனில் சொன்னேன்: 2ஆம் ரோலரை உடனே நிறுத்தவும், தகட்டைப் பூட்டி பிட்டர் கையெழுத்திட்ட பிறகே ஓட்டவும். துரைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்." செக்றோல் விஷயத்தில் அதிகாரி நேரில் வருகிறார், கணக்காய்வாளரிடம் வேறு நாள் கேட்கலாம், அசல் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கட்டும், பிரதி அனுப்பலாமா என்று கடிதம் எழுதுங்கள். உரப் பில்லில் பெருக்கல் பிழை, சரியான தொகை 444,000. பில்லை நீங்களே திருத்திப் பணம் கட்டிவிடக் கூடாது. கடைக்காரரிடம் திருத்திய பில் கேட்க வேண்டும். மரண வீட்டு லீவைத் துரை வரும்வரை கிடப்பில் போடாதீர்கள். மனிதருக்குரிய விஷயங்களைக் கடைசிக்குத் தள்ளுபவரையும் அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

சம்பளக் கணக்கு அனேகமாக வரும். உதாரணத்துக்கு, ஈ.பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஊழியரிடம் கழிப்பது 8 வீதம், 3,200. நிறுவனம் தன் கையிலிருந்து போடுவது 12 வீதம், 4,800. ஈ.பி.எஃப். மொத்தம் 8,000. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,200, அதையும் நிறுவனமே கட்ட வேண்டும். வேறு கழிவு இல்லையென்றால் கைக்கு வருவது 36,800. ஈ.டி.எஃப். பணத்தையும் ஊழியர் சம்பளத்தில் கழித்து 35,600 என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

தோட்டக் கணக்கில் இன்னொரு விதம்: எண்கள் நடைமுறைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பச்சைக் கொழுந்து நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 21, 22 கிலோ தேயிலைதான் வரும். 4,650 கிலோ கொழுந்துக்கு ஆயிரம் கிலோ அளவில் வந்தால் சரி. தாளில் 1,400 என்றிருந்தால் கூட்டல் சரியாகவே இருந்தாலும் "இதைச் சரிபார்க்க வேண்டும்" என்று ஓரத்தில் எழுதுங்கள்.

கணினியில் எக்செல் என்றால் கல்குலேட்டரில் கூட்டி விடையைத் தட்டாதீர்கள். சூத்திரம் போட்டிருக்கிறதா என்று செல்லைத் திறந்து பார்ப்பார்கள். வீதத்தை ஒரு தனி செல்லில் வைத்து அதை டாலர் குறியால் பூட்டிவிட்டால் இழுத்து நிரப்பும்போது நகராது. 05/07 என்ற திகதி மே 7 ஆகவும் ஜூலை 5 ஆகவும் மாறிவிடும், ஆகவே மாதத்தை எழுத்தில் போடுங்கள். கிடை வரிசை மொத்தமும் நிரல் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று ஒரு செல்லில் காட்டிவிட்டால் அதற்கே தனிப் புள்ளி உண்டு.

தமிழ்க் கடிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் பக்கம் டைப் செட்டிங் கடைகளில் பழகியவர்கள் பாமினி எழுத்துருவில் அடிப்பார்கள். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும், மின்னஞ்சலில் ஒட்டினாலும் அதே கதி. "யூனிகோடா, பாமினியா சேர்?" என்று தொடங்குமுன் கேளுங்கள். எதுவும் சொல்லவில்லையென்றால் யூனிகோடில் அடித்து, ஒரு பிடிஎஃப் பிரதியும் சேமித்துக் கொடுங்கள்.

ஜூக்கி மெஷின்

முதலில் நூலில்லாமல் கடதாசியில் தைக்கச் சொல்வார்கள். நேர்கோடு, சதுரச் சுருள், வளைவு என்று அச்சடித்திருக்கும், ஊசி கோட்டிலேயே போக வேண்டும். வீட்டு மெஷினில் பழகியவர்களுக்கு இங்கே கால்தான் எதிரி, இந்த மெஷின் சட்டென்று பாயும். பெடலைப் பாதத்தின் முன்பகுதியால் மெதுவாகத் தொட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டி நிறுத்திப் பழகுங்கள். மூலையில் ஊசி கீழே இறங்கியிருக்கும்போது நிறுத்தி, முழங்காலால் ஃபுட்டைத் தூக்கித் திருப்ப வேண்டும். ஊசி மேலே இருக்கத் திருப்பினால் மூலை நழுவும்.

பிறகு நூல் கோர்த்துத் துணி. கோர்க்கும்போது சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஊசியின் நீண்ட பள்ளம் இடப்பக்கம் பார்த்து நிற்கும், நூல் இடமிருந்து வலம் போகும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பிடித்துக்கொள்ளாவிட்டால் அடியில் சிக்குப்பட்டுக் கட்டியாகும். துணியின் அடிப்பக்கம் வளையம் வளையமாகத் தொங்கினால் பொபினைக் குறை சொல்லாதீர்கள். மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை என்று அர்த்தம், ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோருங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்காமல் வழிகாட்ட மட்டும் செய்யுங்கள், இழுத்தால் ஊசி வளைந்து உடையும்.

உடைந்தால் பதறி வேறு ஊசி போட்டுவிடாதீர்கள். மெஷினை நிறுத்தி, எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துச் சுப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். ஒரு துண்டு உடுப்புக்குள் போனால் அந்த ஓடரே திரும்பிவிடும் என்பதால் கார்மென்ட்களில் இதற்குத் தனிப் புத்தகமே இருக்கிறது. ஊசி உடைந்தும் வேலை கிடைப்பதுண்டு, துண்டை மறைத்தால் மட்டும் கிடைக்காது.

டிரைவர்

வண்டியில் ஏறுமுன் சுற்றி வந்து ஒயில், தண்ணீர், டயர், லைட், அடியில் கசிவு பாருங்கள். பார்ப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வது நிச்சயம். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்து வண்டி லேசாகத் தூக்கியதும் பிரேக்கை விடுங்கள். கிளட்சாலேயே வண்டியைப் பிடித்து வைத்திருந்தால் புள்ளியும் போகும், கிளட்ச் தட்டும் போகும். கடுகன்னாவை, றம்பொடை, கினிகத்தேனை இறக்கங்களில் ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ரிவர்ஸில் சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள், அதற்கு யாரும் புள்ளி குறைக்கமாட்டார்கள். சரிவில் நிறுத்தினால் கியரில் விட்டு, உருண்டாலும் மலைப் பக்கம் மோதி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள்.

டீ பெக்டரி

உத்தியோகத்தர் பயிலுநர் வேலைக்கு வாடலில் (உருட்டுமுன் கொழுந்தை வாட வைக்கும் கட்டத்தில்) கை வைக்கச் சொல்வார்கள். வாடிய கொழுந்தை ஒரு பிடி எடுத்து உருண்டையாக அமுக்கி விடுங்கள். நொறுங்காமல், மெதுவாக விரிய வேண்டும், காம்பு மடக்கினால் ஒடியக் கூடாது. தேயிலைக் கிரேட்டுகளை (துகள் அளவுப்படி பிரித்த வகைகளை) கலந்து வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள். உலர்ந்து வந்த தேயிலையின் ஈரம் 3 வீதம் அளவில் இருக்க வேண்டும் என்பதும் கேட்கும் கேள்விதான். ருசி பார்க்கும் பரீட்சையில் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 3103இன்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். சில பெக்டரிகளுக்குத் தங்கள் சொந்த அளவு உண்டு, கேட்டுவிட்டு ஊற்றுங்கள். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவும் ஒரே நேரமும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நடித்துக் காட்டும் பரீட்சை

ரிசப்ஷன், கோல் சென்டர், விற்பனை வேலைகளில் ஒருவர் கோபக்கார வாடிக்கையாளராக வருவார். "காலையில இருந்து சுடுதண்ணி வரல, இதுக்கா இவ்வளவு காசு?" என்பார். முடியும்வரை இடைமறிக்காமல் கேளுங்கள். பிறகு விஷயத்தைத் திருப்பிச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, செய்யப்போவதையும் நேரத்தையும் சொல்லுங்கள்: "காலையில இருந்து சுடுதண்ணி இல்லாம கஷ்டப்பட்டிருக்கீங்க, மன்னிக்கணும் சேர். இப்பவே மெயின்டனன்ஸ்ல இருந்து ஆள் வருவாரு. பத்து நிமிஷத்துல நானே கூப்பிட்டுச் சொல்றேன்." பணம் திருப்பித் தருவதாக உங்கள் அதிகாரத்துக்கு மீறி வாக்குக் கொடுப்பதுதான் பெரிய பிழை. மற்றப் பகுதியினர் மேல் பழி போடுவது அதற்கு அடுத்தது.

முன்பள்ளி, பிள்ளை மடுவம், பாடசாலை வேலைகளில் ஐந்து பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னால் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும். முழு நேரமும் கரும்பலகையைப் பார்த்துப் பேசுபவருக்குப் புள்ளி கிடைப்பது அரிது.

பிழை விட்டால், நேரம் முடியப்போனால்

பாதியில் பிழை தெரிந்தால் நிறுத்தி, "இந்த இடத்துல பிழை விட்டுட்டேன், திருத்துறேன்" என்று சொல்லிவிட்டுத் திருத்துங்கள். பார்ப்பவர் எப்படியும் குறித்திருப்பார், நீங்கள் சொன்னால் திருத்தியதற்கும் புள்ளி வரும். கடைசிப் பத்து வீத நேரத்தைச் சரிபார்க்க ஒதுக்குங்கள். வேலை முடியாது என்று தெரிந்தால் அரைகுறையாக எல்லாவற்றையும் தொட்டு வைப்பதைவிட, முடிந்தது எது, மிச்சம் எது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தால் நல்லது.

பரீட்சையா, இலவச வேலையா?

ஒன்றிரண்டு மணி நேரம், ஒருவர் கண்காணிப்பு, உங்களோடு மற்ற விண்ணப்பதாரிகளுக்கும் அதே வேலை: இது பரீட்சை. "ஒரு கிழமை வந்து செய்து காட்டுங்க, பிறகு பார்ப்போம்" என்பது வேலை, அதற்குச் சம்பளம் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். சீசன் காலத்தில் இப்படி மாறி மாறி ஆட்களை வரவழைத்து வேலையை முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குக் கட்டணம் கேட்டாலோ, அடையாள அட்டையையும் சான்றிதழ்களின் அசலையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். அசலைக் காட்டலாம், பிரதி கொடுக்கலாம்.

கை வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வி.கியூ. 1 முதல் 7 வரை ஏழு மட்டங்கள் கொண்டது. ஏற்கனவே பழகிய தொழிலை மதிப்பிட்டு அந்தச் சான்றிதழைத் தரும் முறையும் அதில் இருக்கிறது. வகுப்பில் உட்காரத் தேவையில்லை, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். செய்த வேலைகளின் படங்கள், வேலை பார்த்த இடத்துக் கடிதங்கள், பில்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் திகதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிப்பது பற்றிக் கேட்கலாம். ஹோட்டல் துறைக்குப் படித்தே போக விரும்புபவர்களுக்கு இலங்கை சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளைகள் கண்டியிலும் பண்டாரவளையிலும் இருக்கின்றன.

பரீட்சை முடிந்து கிளம்பும்போது முடிவு எப்போது, எந்த வழியில் வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லயத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள், சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கும் அக்காவோ மாமாவோ ஒருவரின் இலக்கத்தை இரண்டாவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரிவாகவில்லை என்று பதில் வந்தால், எந்தப் பகுதியில் புள்ளி குறைந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். சில இடங்களில் சொல்வார்கள்.